மூடுபனி என்றொரு பெட்டி

நாரஹேன்பிட்டியில் நாலாம் மாடி.
ஏசி பழுதான கந்தோரில் இருந்து
மலையைப் பார்க்கிறேன்.
நாளொன்றுக்கு எண்ணூறு படம்.

பூங்காவின் மரங்களில் கட்டிய கமராக்கள்
அசைவதையெல்லாம் பிடித்து வைக்கும்.
மாதம் ஒருதரம் சுமனபால
அட்டைக்கடியோடு ஏறிப்போய்
கார்ட்டுகளைக் கழற்றி
பிஸ்கட் டின்னில் போட்டு அனுப்புவார்.
டின்னைத் திறந்தால்
பாசி மணம் ஒரு நொடி நிற்கும்;
அதற்குள் மின்விசிறி தின்றுவிடும்.

பெட்டிகளில் சரி போடுவது என் வேலை.
சிறுத்தை. மரை. பன்றி. கரடிக்குரங்கு.
மனிதர்.
கடைசியாக, மூடுபனி.

முக்கால்வாசி கடைசிப் பெட்டிதான்.
ஒரு கிளை ஆடும், கமரா விழிக்கும்,
வெள்ளை.
இன்னொரு வெள்ளை.
அதற்குள்ளே கொஞ்சம் சாம்பலாய்
மரமோ மரையோ என்று சொல்லமுடியாத ஒன்று.
தில்ருக்ஷி மிஸ் சிங்களத்தில் சொல்வா:
"சந்தேகமென்றால் பனி என்று போடும்.
பனிமேல் யாரும் வழக்குப் போடுவதில்லை."

சிறுத்தைகளில் ஒன்றை எனக்குத் தெரியும்.
இடது விலாவில் மூன்று புள்ளி,
அடுப்புக்கல் வைத்த மாதிரி.
போன ஜூலையில் கமராவை முகர்ந்தது;
படம் முழுக்க மூக்கு.
அன்று சோற்றுப் பார்சலை
அவிழ்க்க மறந்துபோனேன்.

நேற்றுப் பின்னேரம், பதினேழாம் கமரா.
விடிய ஐந்து இருபத்தொன்பது. ஆறு பாகைக் குளிர்.
ஒரு பெண்.
ஆம்பிளைக் கோட்டு, தலையில் உரப்பை,
அதன்மேல் விறகுக் கட்டு.
வெறுங்கால்.
வாய் பாதி திறந்திருந்தது,
பின்னால் வரும் ஆருக்கோ
கவனம் என்று சொல்வதுபோல.
பின்னால் ஆரும் இல்லை.

மனிதர் என்றால் நேரம், இடம், முகம்
மறுநாள் பத்து மணிக்குள் போகவேண்டும்.
சட்டம் பிழையென்று சொல்லமாட்டேன்.
காஸ் அடுப்பில் சமைக்கிற ஆள் நான்.
செத்து விழுந்த கொப்பிலும்
காளானும் பல்லியும் குடியிருக்கும் என்று
அறிக்கையில் தட்டச்சிட்ட விரல்களும் இவைதான்.
கண்ணி வைக்கிறவன் வருவதும்
இந்த ஒற்றையடிப் பாதையால்தான்.

எல்லாம் தெரிந்துகொண்டே
கடைசிப் பெட்டியில் சரி போட்டேன்.
முழுப் பொய்யுமில்லை.
அவள் முழங்காலுக்குக் கீழே
பனி இருந்தது.

இரவு தெமட்டகொடை அறையில்
பைப்பைத் திறந்தேன்.
முதலில் காற்று இருமியது, பிறகு தண்ணி.
அந்த மேட்டில் பாசி சொட்டவிட்ட ஈரம்
களனியோடு இறங்கி
அம்பத்தலையில் குளோரின் குடித்து
என் அலுமினியக் கேத்தலுக்குள் விழுகிறது.
அவள் கால் நனைத்த பனியும் அதில் கொஞ்சம்.
"பில் ஏறுது, மூடுமன்" என்றாள் ஜெஸிமா.
மூடினேன்.

இன்று காலை அதே கார்ட்.
நேற்று நிறுத்திய இடத்துக்கு அடுத்த படம்.
ஐந்து நாற்பத்தொன்று.
இடது விலா. மூன்று புள்ளி.
தலை தாழ்த்தி, அவள் மிதித்த மண்ணில்
மூக்கை வைத்திருக்கிறது.

பிறகு பனி. பனி. பன்றி. பனி.
கார்ட் முடியுமட்டும் அவள் திரும்பவில்லை.
திரும்பும் வழி வேறாயிருக்கலாம்.
படம் மூன்று கிழமை பழசு;
நடந்தது எதுவோ, அது நடந்து முடிந்தது.
பேப்பரில் ஒன்றும் வரவில்லை.
மலையில் நடப்பதெல்லாம்
பேப்பரில் வருவதுமில்லை.

சிறுத்தைக்குச் சரி போட்டேன்.
முந்திய படத்துக்குத் திரும்பினேன்.
நேற்றைய சரியை அழிக்க
ஒரு அழுத்துப் போதும்.
அவளைப் பிடித்துக் கொடுக்கவா,
தேடச் சொல்லவா,
இரண்டுக்கும் இங்கே ஒரே பெட்டி.

பத்து மணிக்கு
இன்னும் நாலு நிமிஷம்.